லொறி ஓடிய கணக்கும் காப்புறுதிக் கணக்கும்

கடந்த மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, மரக்கறி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துச் சென்றார். அவரிடம் இரண்டு லொறிகள் ஓடுகின்றன. "நானா, லொறிக்கு ஜீ.பீ.எஸ். பூட்டச் சொல்லி ஒருத்தன் வந்து நிக்கிறான். அதைப் பூட்டினா நாளைக்கு ஒரு எக்சிடன்ட் என்று வந்தா இன்சூரன்ஸ்காரன் மறுபேச்சு இல்லாமக் காசு தருவானா?" என்று கேட்டார்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கேள்வி நீதிமன்றங்களிலும் காப்புறுதிக் கொம்பனிகளிலும் மிக அதிகமாக அலசப்பட்டிருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே பெரிய லொறிகளின் ஓட்டக் கணக்கைச் சாரதி எழுதுவதில்லை; எஞ்சினுடன் இணைக்கப்பட்ட ஒரு கருவியே எழுதுகிறது. அந்தக் கருவியை அறிந்துகொண்டால் நண்பரின் கேள்விக்கு அவரே பதில் கண்டுகொள்வார் என்று நினைத்துத்தான் இந்த வாரப் பகுதியை அதற்கு ஒதுக்குகிறேன்.

இந்த விடயத்தில் எனக்கு அக்கறை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 2012ஆம் ஆண்டு தம்புள்ளையில் பெரிய வெங்காயம் ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு வந்த எங்கள் லொறி, வெலிக்கந்தையைத் தாண்டி நள்ளிரவுக்குப் பிறகு பின் டயர் வெடித்து வீதியோரம் நின்றது. பின்னால் வந்த வான் அதன் மீது மோதியது. வான் ஓட்டி வந்தவருக்குக் கால் முறிவு. எங்கள் லொறியின் பின்பக்கம் நெளிந்து, வெங்காயம் வீதியெல்லாம் சிதறியது. "அரை மணித்தியாலமாக நிற்கிறோம், சிக்னல் லைட் போட்டிருந்தோம், பின்னால் மரக்கொப்பும் வெட்டிப் போட்டிருந்தோம்" என்று எங்கள் சாரதி பொலிஸில் சொன்னார். "லொறி அப்போதுதான் நின்றது, கொப்பும் இல்லை லைட்டும் இல்லை" என்றார் வான்காரர்.

காப்புறுதிக் கொம்பனியின் மதிப்பீட்டாளர் லொறியின் டாஷ்போர்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். பொலன்னறுவையில் டீசல் அடித்த பில். நேரம் 1.50. விபத்து நடந்தது 2.45. பாரம் ஏற்றிய லொறி பொலன்னறுவையிலிருந்து அந்த இடத்துக்கு வர நாற்பது நிமிடமாவது வேண்டும். அப்படியானால் அரை மணித்தியாலம் எப்படி நின்றிருக்க முடியும்? சாரதியின் வாக்குமூலம் முரணானது என்று கடிதம் வந்தது. பதினான்கு மாதம் அலைந்த பிறகு வாகனச் சேதத்துக்கு ஒரு பகுதித் தொகை மட்டும் கிடைத்தது. வெங்காயத்துக்கு ஒரு சதமும் இல்லை. அதற்குத் தனியாகக் காப்புறுதி எடுக்காதது என் பிழை. அந்தப் பில் இயந்திரத்தின் கடிகாரம் பிழையா, எங்கள் சாரதியின் பேச்சு பிழையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. என் கையில் வேறு எந்தக் கணக்கும் இருக்கவில்லை.

கொமிக் புத்தகக் காலம்

அமெரிக்காவில் லொறிச் சாரதிகளின் வேலை நேரத்துக்கு எல்லை விதிக்கும் வழக்கம் 1930களின் இறுதியிலேயே தொடங்கிவிட்டது. பொருள் ஏற்றும் சாரதிகளுக்கு இன்றுள்ள விதி இதுதான்: தொடர்ந்து 10 மணித்தியாலம் ஓய்வெடுத்த பிறகு 11 மணித்தியாலம் வரை ஓட்டலாம். ஆனால் வேலைக்கு வந்த நேரத்திலிருந்து 14 மணித்தியாலம் கடந்துவிட்டால், இடையில் சும்மா நின்றிருந்தாலும், அதற்கு மேல் ஓட்டக் கூடாது. 8 மணித்தியாலம் ஓட்டிய பிறகு அரை மணித்தியால இடைவெளி வேண்டும். வாரம் முழுவதும் லொறி ஓட்டும் கொம்பனி என்றால் 8 நாட்களில் 70 மணித்தியால வேலைதான் எல்லை.

விதி நல்லதுதான். கணக்கை எழுதியது யார்? சாரதியேதான். கோடு போட்ட தாளில் எப்போது ஓட்டினேன், எப்போது உறங்கினேன் என்று பேனாவால் கோடு இழுப்பார். மைல் கணக்கில் சம்பளம் வாங்கும் ஒருவர் தன் மைலைத் தானே எழுதினால் என்ன நடக்கும் என்று வியாபாரிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தப் புத்தகத்துக்குச் சாரதிகளே வைத்த பட்டப் பெயர் "கொமிக் புத்தகம்". பரிசோதகருக்குக் காட்ட ஒன்று, உண்மைக் கணக்கு ஒன்று என இரண்டு புத்தகம் வைத்திருந்தவர்களும் உண்டு. நமது கடைத்தெருவிலும் இரட்டைக் கணக்குப் புத்தகம் புதினமல்ல. வருமான வரிக்காரருக்கு ஒன்று, பங்காளிக்கு ஒன்று.

2012இல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டத்தின் மூலம் இலத்திரனியல் பதிவைக் கட்டாயமாக்கும்படி பணித்தது. சமஷ்டி மோட்டார் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2015 டிசம்பரில் இறுதி விதியை வெளியிட்டது. 2017 டிசம்பர் 18 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பழைய வகைக் கருவிகளைப் பூட்டியிருந்தவர்களுக்கு 2019 டிசம்பர் 16 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. இந்தக் கருவியைச் சுருக்கமாக ஈ.எல்.டி. என்கிறார்கள். 2000ஆம் ஆண்டுக்கு முந்திய எஞ்சின் கொண்ட லொறிகளுக்கும், 150 மைல் வட்டத்துக்குள் ஓடி 14 மணித்தியாலத்துக்குள் திரும்பி வரும் சாரதிகளுக்கும் விதிவிலக்கு உண்டு.

இதற்கு முன்னரும் 2010இல் ஒரு விதி வந்தது. அதை 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ரத்துச் செய்தது. சொந்த லொறி ஓட்டும் சாரதிகளின் சங்கம்தான் வழக்குப் போட்டது. கருவியைக் காட்டிச் சாரதியைத் துன்புறுத்தாமல் இருக்கப் போதிய பாதுகாப்பு விதியில் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பது நம்மில் பலருக்குத் தெரியும். எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக் கூடாது என்பதும் அதே வசனத்தில் இருப்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. இந்தத் தீர்ப்பை வாசித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. 2015இன் புதிய விதியில் கருவியை வைத்துச் சாரதியைத் துன்புறுத்துவது தனிக் குற்றமாகச் சேர்க்கப்பட்டது.

கருவி எழுதுவதும் எழுதாததும்

எஞ்சின் இயங்கத் தொடங்கும் நேரம், அணையும் நேரம், சாரதி வேலையிலிருந்து ஓய்வுக்கும் ஓய்விலிருந்து வேலைக்கும் மாறும் நேரம் ஆகியவற்றைக் கருவி தானாகக் குறிக்கும். லொறி ஓடிக்கொண்டிருந்தால் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை குறிக்கும். ஒவ்வொரு குறிப்புடனும் திகதி, நேரம், இடம், எஞ்சின் ஓடிய மணித்தியாலம், மொத்த மைல் எல்லாம் பதிவாகும். மணிக்கு 5 மைல் வேகத்தைத் தாண்டினால் "ஓட்டுகிறார்" என்று கருவி தானே எழுதிவிடும். சாரதியின் அனுமதியைக் கேட்காது. சாரதி தன் பெயரைப் பதியாமல் ஓட்டினால் "அடையாளம் தெரியாத சாரதி" என்ற பெயரில் கணக்கு ஏறும். அது யாருடையது என்று கொம்பனி கண்டுபிடித்துச் சேர்க்க வேண்டும், அல்லது ஏன் சேர்க்க முடியவில்லை என்று விளக்கம் எழுத வேண்டும்.

பிழை திருத்தலாம். ஆனால் காரணம் எழுதித்தான் திருத்தலாம். முதலில் இருந்த பதிவும் அழியாமல் அப்படியே இருக்கும். கொம்பனி திருத்தம் செய்ய விரும்பினால் சாரதி அதை ஏற்று உறுதிப்படுத்த வேண்டும். கருவி தானாக எழுதிய ஓட்ட நேரத்தை ஓய்வு நேரமாக மாற்றுவதற்கு வழியே இல்லை. நல்ல கணக்கப்பிள்ளை பேரேட்டில் பிழை வந்தால் ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிடுவார். கிழித்தெறிய மாட்டார். அதே முறைதான் இது.

கருவிக்கு எல்லையும் உண்டு. மோதுவதற்கு முந்திய சில வினாடிகளில் லொறி என்ன வேகத்தில் வந்தது, சாரதி பிரேக் மிதித்தாரா என்பதைச் சட்டம் கேட்கும் ஈ.எல்.டி. பதிவு சொல்லாது. அது எஞ்சின் கணினியிலும் முன்கண்ணாடிக் கமராவிலும் தேட வேண்டிய விடயம். சாரதி ஓய்வு நேரத்தில் உண்மையில் உறங்கினாரா என்பதும் கருவிக்குத் தெரியாது.

இந்த இரண்டாவது எல்லைக்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2014 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை நியூ ஜேர்சி அதிவேக நெடுஞ்சாலையில் வோல்மார்ட் நிறுவனத்தின் லொறி, நகைச்சுவை நடிகர் ட்ரேசி மோர்கன் பயணம் செய்த வாகனத்தின் பின்னால் மோதியது. அவருடன் இருந்த இன்னொரு நகைச்சுவைக் கலைஞர் உயிரிழந்தார். விபத்து நடந்த வேளையில் லொறிச் சாரதி 14 மணித்தியால எல்லையைத் தாண்டியிருக்கவில்லை. அதாவது வேலை நேரக் கணக்கு சுத்தம். ஆனால் தேசிய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தபோது அவர் 28 மணித்தியாலமாக உறங்காமல் இருந்தது வெளியானது. வேலைக்கு வருவதற்கு முன்பே ஜோர்ஜியாவிலுள்ள தன் வீட்டிலிருந்து டெலவெயார் வரை சுமார் 800 மைல் தன் சொந்த வாகனத்தில் ஓட்டி வந்திருக்கிறார். 45 மைல் வேக எல்லை போட்டிருந்த வீதி வேலைப் பகுதியில் லொறி 65 மைலில் வந்திருக்கிறது. 2015இல் வோல்மார்ட் சமரசம் செய்துகொண்டது. பதிவு சுத்தமாக இருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை.

நட்டஈடு பேசும் மேசையில்

நம்மவர்கள் பலர் நினைப்பது போல, "நேரக் கணக்கில் பிழை கண்டால் காப்புறுதி செல்லாது, கோரிக்கை தள்ளுபடி" என்று அமெரிக்காவில் நடப்பதில்லை. மாநிலம் விட்டு மாநிலம் சாதாரணச் சரக்கு ஏற்றும் பெரிய லொறிக்குக் குறைந்தது 750,000 டொலர் மூன்றாம் தரப்புப் பொறுப்பு இருக்க வேண்டும். 1980களில் வைத்த தொகை அது, பிறகு உயரவில்லை. காப்புறுதிப் பத்திரத்துடன் எம்.சி.எஸ். 90 என்ற இணைப்பு ஒன்றும் சேர்க்கப்படும். பத்திரத்தின் நிபந்தனையை லொறிக் கொம்பனி மீறியிருந்தாலும், வீதியில் காயப்பட்டவருக்குக் காப்புறுதிக் கொம்பனி கொடுத்தே ஆக வேண்டும் என்பது அதன் பொருள். கொடுத்த பிறகு அந்தப் பணத்தை லொறிக் கொம்பனியிடம் திருப்பிக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. காயப்பட்டவர் தப்புவார், லொறிக்காரர் தப்புவது நிச்சயமில்லை.

பிறகு ஓட்டப் பதிவால் என்ன பயன்? தொகையைத் தீர்மானிப்பதில்தான் அதன் வேலை. பெரிய விபத்து நடந்தால் அன்றைய பதிவையும் அதற்கு முந்திய ஏழு நாள் பதிவையும் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பார். மறுபக்கச் சட்டத்தரணி அதைவிட நீண்ட காலத்துக்குக் கேட்பார். சாரதி 13ஆவது மணித்தியாலத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார் என்று பதிவு காட்டினால், பேச்சு சாரதியின் கவனக்குறைவோடு நிற்காது. "இது ஒரு நாள் பிழையா, வாரந்தோறும் நடப்பதா? முதலாளிக்குத் தெரியுமா? தெரிந்தும் விட்டாரா?" என்று கொம்பனியின் கதவைத் தட்டும். ஜூரிகள் கோபப்படுவது அந்த இடத்தில்தான். 750,000 டொலருக்கு மேல் தீர்ப்பானால், மேலதிகக் காப்புறுதி இல்லாத கொம்பனி தன் சொத்தை விற்றுக் கட்ட வேண்டும். ஐந்து லொறி வைத்திருக்கும் சிறு முதலாளிக்கு அதுவே கடைசி வழக்கு.

ஆயினும், விதி மீறல் வேறு, விபத்தின் காரணம் வேறு. டெக்சாஸ் மாநிலத்தில் வேர்னர் என்ற பெரிய லொறிக் கொம்பனிக்கு எதிராக நடந்த வழக்கு இதற்குச் சாட்சி. 2014 டிசம்பரில் பனி உறைந்த நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் வாகனம் கட்டுப்பாட்டை இழந்து, நடுப் புல்வெளியைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்து, தன் பாதையில் வந்துகொண்டிருந்த லொறியின் முன் விழுந்தது. ஒரு பிள்ளை இறந்தது. லொறியை ஓட்டியவர் பயிற்சிச் சாரதி. அந்தப் பனியில் வேகத்தைக் குறைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. 2018இல் ஜூரி சுமார் 90 மில்லியன் டொலர் விதித்தது. 2025 ஜூனில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அதை முற்றாக ரத்துச் செய்தது: விபத்தின் உண்மையான காரணம் பிக்கப் கட்டுப்பாட்டை இழந்ததே, லொறியின் வேகம் அல்ல என்றது. அந்தத் தீர்ப்பு ஓட்டப் பதிவைப் பற்றியதல்ல. ஆனால் பதிவை வைத்து வாதாடுபவருக்கும் அதே கேள்விதான்: நீ காட்டும் குற்றம் இந்த மோதலை உண்டாக்கியதா? தீர்ப்பு மாறும்வரை அந்தக் கொம்பனி பத்து வருடத்துக்கு மேல் அந்தச் சுமையுடன் இருந்தது. சிறியவர்கள் அவ்வளவு காலம் தாங்க மாட்டார்கள். இடையிலேயே பேசி முடித்துக்கொள்வார்கள்.

அணைத்து வைத்த எஞ்சின்

என் தங்கச்சியின் மகன் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சிறு கொம்பனிக்கு லொறி ஓட்டுகிறான். 2022 செப்டம்பரில் ஒரு களஞ்சியசாலை வாசலில் இரவு லொறியை நிறுத்திவிட்டு, உள்ளேயே படுத்திருக்கிறான். அதிகாலை ஒருவர் கதவைத் தட்டி, "நீ பின்னுக்கு எடுத்து என் காரை நசுக்கிவிட்டாய்" என்று சண்டைக்கு நின்றாராம். காரின் முன்பக்கம் உண்மையாகவே நசுங்கியிருந்தது. கழுத்து வலி என்று சட்டத்தரணியின் கடிதமும் பத்து நாளில் வந்துவிட்டது.

"உன் கருவியில் நீ உறங்குவதாகத்தானே இருந்திருக்கும், பிறகென்ன?" என்று தொலைபேசியில் கேட்டேன். "இல்ல மாமா, அது போதாது" என்றான். 5 மைலுக்குக் குறைந்த வேகத்தில் மெதுவாகப் பின்னால் எடுத்தால் கருவி அதை "ஓட்டுகிறார்" என்று மாற்றாமல் விடலாம். அதனால் "உறங்குகிறார்" என்ற கோடு மட்டும் அவனைக் காப்பாற்றாது. காப்பாற்றியது வேறு ஒன்று: இரவு 11.12க்கு எஞ்சின் அணைந்ததும், காலை 5.40க்குத்தான் மறுபடி இயங்கியதும், இரண்டு நேரத்திலும் மைல் கணக்கு ஒரே எண்ணாக இருந்ததும். எஞ்சின் இல்லாமல் லொறி பின்னால் வராது. காப்புறுதிக் கொம்பனி அந்தப் பதிவை மறுபக்கத்துக்கு அனுப்பியது. மூன்று வாரத்தில் கோரிக்கை கைவிடப்பட்டது.

"வழமையாகக் குளிருக்கும் வெக்கைக்கும் ராத்திரி முழுக்க எஞ்சினைப் போட்டுத்தான் படுப்பேன் மாமா. அன்றைக்கு ரெண்டும் இல்லை. அல்லாஹ் காப்பாத்தினான்" என்றான். அவனுடைய மூன்று வாரத்தையும் என்னுடைய பதினான்கு மாதத்தையும் நான் பல தடவை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதம் என்ற பொறி

பதிவையும் அதற்கு ஆதாரமான ஆவணங்களையும் கொம்பனி ஆறு மாதம் வைத்திருந்தால் போதும் என்கிறது சமஷ்டி விதி. ஆதார ஆவணம் என்றால் சரக்குப் பற்றுச்சீட்டு, அனுப்பிய கட்டளை, டீசல் பில் போன்ற செலவுச் சீட்டுகள், தொலைத்தொடர்புப் பதிவு, சம்பளக் கணக்கு. ஒரு நாளைக்கு எட்டு வரை. மறுபக்கச் சட்டத்தரணி முதலில் செய்வது இந்தச் சீட்டுகளைக் கருவியின் பதிவுடன் வரிக்கு வரி ஒப்பிடுவதுதான். என் டாஷ்போர்டிலிருந்து எடுத்த டீசல் பில்லை இங்கே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் காயப்பட்டவர் வழக்குப் போட டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததும் பதிவை அழித்தால் சட்டப்படி சரிதானே என்று ஒரு முதலாளி நினைக்கலாம். அங்கேதான் பொறி. வழக்கு வரும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய நிலை வந்த பிறகு, ஆறு மாதக் கணக்கு உதவாது. பதிவைப் பாதுகாக்கும் கடமை தொடங்கிவிடுகிறது. அதனால்தான் விபத்து நடந்த சில நாட்களில் "எதையும் அழிக்காதே" என்ற கடிதத்தைச் சட்டத்தரணிகள் அனுப்பிவிடுவார்கள். பிறகும் அழிந்தால், அழிந்த பதிவு உங்களுக்கு எதிரானதாகவே இருந்திருக்கும் என்று கருதும்படி நீதிபதி ஜூரிக்குச் சொல்ல இடமுண்டு. சமஷ்டி நீதிமன்றங்களில் 2015 டிசம்பர் முதல், மறைக்கும் நோக்கத்தோடு அழித்தால் மட்டுமே இலத்திரனியல் தரவுக்கு அந்தக் கடுமையான தண்டனை. மாநில நீதிமன்றங்களில் வழக்கம் வேறுபடும். நல்ல பதிவை வைத்திருந்து, சோம்பலால் அழியவிட்டு, கள்ளன் என்று பெயர் எடுப்பதைவிட மடத்தனம் வேறில்லை.

லொறி இல்லாத வியாபாரிகளுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கு சேதமானால், லொறிக் கொம்பனி கவனமாகத்தான் ஓட்டியது என்று சொல்லித் தப்ப முடியாது. 1906ஆம் ஆண்டின் கார்மாக் திருத்தச் சட்டம் நட்டத்தை அவர்கள் தலையில் வைக்கிறது. இயற்கைச் சீற்றம், சரக்கின் இயல்பான கெடுதல், சரக்கு ஏற்றியவரின் பிழை போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பழமோ மீனோ தாமதத்தால் கெட்டது என்று கோருபவருக்கு, லொறி எங்கே எத்தனை மணித்தியாலம் நின்றது என்பதுதான் உயிர்நாடி. அது ஈ.எல்.டி.யில் இருக்கும். கோரிக்கை கொடுக்க ஒன்பது மாதத்துக்குக் குறைவான கால எல்லையைக் கொம்பனி விதிக்க முடியாது. பதிவை வைத்திருக்க வேண்டியதோ ஆறு மாதம். ஆறுதலாக எட்டாம் மாதம் கோரிக்கை எழுதுபவர், கோர உரிமை இருக்க, சாட்சி போன பிறகு எழுதுகிறார். எனவே சரக்கு கெட்ட அன்றே பதிவை வைத்திருக்கும்படி எழுத்தில் கேட்டுவிட வேண்டும்.

கருவி வந்ததும் களவு ஒழிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இல்லாத இரண்டாவது சாரதியின் பெயரில் கணக்கைத் திறந்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். சரக்கு ஏற்றிக்கொண்டே "சொந்தப் பயணம்" என்று பதிபவர்களும் இருக்கிறார்கள். கருவியைச் செய்யும் கொம்பனிகள் தாங்களே "விதிக்கு ஏற்றது" என்று சான்று கொடுத்துக்கொள்ளும் முறையில்தான் இது தொடங்கியது. தரமில்லாத பல கருவிகளை நிர்வாகம் பிறகு பட்டியலிலிருந்து நீக்க வேண்டி வந்தது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கட்டாயம் வந்த பிறகு நேர விதி மீறல் குறைந்தது. ஆனால் விபத்துகள் குறையவில்லை, சிறு கொம்பனிச் சாரதிகளிடம் வேக விதி மீறல் கூடியது. நேரத்தை மறைக்க முடியாமல் போனதும் வேகத்தில் ஈடுகட்டியிருக்கிறார்கள். சாரதிக்குக் கொடுக்கும் பயண நேரத்தைக் கூட்டாமல் கருவியை மட்டும் பூட்டினால் இதுதான் நடக்கும்.

தகாபுலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நட்டஈடு போவது நம்மைப் போன்ற பங்காளிகள் தபர்ருஉவாகப் போட்ட நிதியிலிருந்து. பொய்க் கணக்குக் காட்டி வாங்குவது ஏதோ ஒரு பெரிய கொம்பனியின் பணம் என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் அங்கே இடமில்லை.

சரி, நண்பரின் கேள்விக்கு வருவோம். அவரிடம் நான் சொன்னது: ஜீ.பீ.எஸ். பூட்டியதற்காக யாரும் காசு தர மாட்டார்கள். அது உங்கள் சாரதி சொல்வதை நிரூபிக்கும், அல்லது பொய்யாக்கும். வாங்குவதற்கு முன் விற்பவரிடம் நான்கு விடயம் கேளுங்கள். இடத்தை மட்டும் காட்டுமா, எஞ்சின் போட்டதையும் அணைத்ததையும் குறிக்குமா? கடிகாரம் தானாகச் சரியாகுமா? தரவு எத்தனை நாள் இருக்கும்? அதை யார் மாற்றலாம், மாற்றினால் அடையாளம் இருக்குமா?

அவர் என் கடையில் இருந்தே அந்த ஆளுக்குத் தொலைபேசி எடுத்து, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். எஞ்சின் போடுவது அணைப்பது தெரியும், கடிகாரம் செட்டலைட்டில் இருந்து வரும், தரவு 90 நாள் இருக்கும் என்றார் அவர். கடைசிக் கேள்விக்கு மிக உற்சாகமாகப் பதில் வந்தது: "அதுக்கு யோசிக்க வேணாம் சேர். ஏதும் பிரச்சினை என்றா ஒரு கோல் தாங்க, நாங்க இங்கே இருந்தே அழிச்சித் தருவோம்."

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, இதே கருவி விற்கும் வேறு இரண்டு பேரின் இலக்கம் இருந்தால் எழுதித் தரச் சொன்னார்.